ஏரிகளைச் சீரமைப்போருக்கு: அந்தச் சேற்று விளிம்பை விட்டுவையுங்கள்

சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளைத் தூர்வாரிச் சீரமைக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும், தன்னார்வக் குழுக்களுக்கும், அவர்களுக்குப் பொருளுதவி செய்யும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியுமுன் கிளம்பி இருட்டும்வரை தாம்பரத்துக்குத் தெற்கே ஏரி ஏரியாகச் சுற்றிவிட்டு வந்தேன். கழுத்தில் இருநோக்கி, சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு, வண்டிப் பெட்டியில் கட்டுச்சோறு. பல ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போகின்றன. அன்றைக்குப் பார்த்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் இந்த மடல்.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோதும், 2019 கோடையில் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோதும்தான் ஏரி என்றால் என்ன என்று இந்த நகரம் மறுபடியும் யோசித்தது. யோசித்ததோடு நிற்காமல் மண்வெட்டி எடுத்தவர்கள் நீங்கள். ஞாயிறு காலைகளில் உங்களோடு நானும் குப்பை அள்ளியிருக்கிறேன். ஆகாயத்தாமரையை இழுத்து இழுத்துத் தோள் வலித்து வீடு திரும்பியிருக்கிறேன். அந்த உரிமையில் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: ஏரியின் சேற்று விளிம்பை வெட்டி எடுத்துவிடாதீர்கள்.

சென்னையில் பறவை பார்க்கப் போகிறேன் என்றால் எல்லோரும் வேடந்தாங்கலா என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஏரி அது. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று அறிந்து வைத்திருந்தவர்கள். 2022இல் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றுக்கும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் எல்லாம் அங்கேயே இரை எடுப்பதில்லை. அவ்வளவு சிறிய ஏரி அத்தனை வாய்களுக்குச் சோறு போடாது. அவை சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து போய்த்தான் குஞ்சுகளுக்கு இரை கொண்டு வருகின்றன. அறிவிப்புப் பலகையும் பார்வைக் கோபுரமும் டிக்கெட்டும் இல்லாத, யாரும் வந்து பார்க்காத ஏரிகள் அவை. நான் அன்று போனதும் அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான்.

வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் மாம்பாக்கம் வந்து, காயார் வழியாகச் சிறுதாவூர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. கரைமேல் நின்றால் ஏரி கண்ணாடி போலக் கிடக்கும், அழகுதான். ஆனால் அங்கே நீர்க்காகங்களையும் முக்குளிப்பான்களையும் விட்டால் பெரிதாக ஒன்றும் தென்படாது. பறவை பார்ப்பவன் கரைக்கு எதிர்ப்புறம், ஆழமில்லாத உள்வாய்ப் பக்கம் போக வேண்டும்.

நம் ஏரி குளம்போல நான்கு பக்கமும் வெட்டிய பள்ளம் அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை போலக் கரை கட்டி நீரைத் தேக்கினார்கள். அதனால் கரையை ஒட்டி ஆழம், உள்ளே போகப் போக இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு, கடைசியில் வெறும் ஈரமண், அப்புறம் புல்தரை. எங்கே ஏரி முடிகிறது, எங்கே நிலம் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. வடகிழக்குப் பருவமழையில் நிறையும் ஏரி தை பிறந்ததும் வற்றத் தொடங்கும். தினமும் சாண் சாணாக நீர் பின்வாங்க, தினமும் புதிதாக ஒரு துண்டு சேறு வெளியே வரும். அந்தச் சேற்றில் புழு, நத்தை, பூச்சி முட்டை, வற்றிய குழியில் சிக்கிய மீன்குஞ்சு எல்லாம் இருக்கும். நீர் உள்ளே நகர நகரப் பந்தியும் உள்ளே நகரும்.

அந்தப் பந்தியில் யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கால்தான் முடிவு செய்கிறது. ஈரமண்ணில் மஞ்சள் வாலாட்டிகள். விரல் ஆழ நீரில் கொசு உள்ளான்களும் பட்டாணி உப்புக்கொத்திகளும். அதற்கு அப்பால் பொறி உள்ளான்கள். இன்னும் உள்ளே, சிவந்த குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள். அதையும் தாண்டி முழங்கால் நீரில் சங்குவளை நாரைகள் அலகைத் திறந்து நீருக்குள் வைத்து அசையாமல் நின்றன. வாத்துகளில் பெரும்பாலானவை, நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் புள்ளிமூக்கு வாத்தும், முங்கி இரை தேடுபவை அல்ல. தலையை நீருக்குள்ளும் வாலை மேலேயுமாகக் கவிழ்ந்து, கழுத்து எட்டும் ஆழத்தில் இருப்பதைத்தான் தின்னும். கழுத்துக்கு எட்டாத ஆழத்தில் அடியில் என்ன கிடந்தாலும் அது அவற்றுக்கு இல்லாததுதான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். என்ன பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். இருநோக்கியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது இல்லாமலே எனக்குத் தெரியும் தம்பி. அந்தப் பொடிக்குருவி ஓடுகிற இடம் வரைக்கும் ஆட்டை விடலாம், குளம்பு புதையாது. சிவப்புக்கால் நிற்கிற இடத்துக்குப் போனால் மடி நனையும். நாரை நிற்கிற இடத்துக்கு நானே போக மாட்டேன்” என்றார்.

“எத்தனை வருடமாக இங்கே மேய்க்கிறீர்கள் ஐயா?” என்று கேட்டேன்.

“என் அப்பாவோடு வந்ததிலிருந்து” என்றார்.

எத்தனையோ பறவை நூல்களைப் புரட்டியிருக்கிறேன். ஏரியின் விளிம்பை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஏரி எவ்வளவு ஆழம் என்பதைப் பறவையின் காலைப் பார்த்துப் படிக்கிறார் அவர். இதைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். இந்த அளவுகோலில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பறவை இருக்கிறது. கோடுகளை அழித்தால் பறவையும் போய்விடும்.

அங்கேயே ஒரு வரப்பை ஒட்டிக் குந்தி உட்கார்ந்தேன். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் சிறிய பறவைகள் நம்மை மறந்துவிடும். ஒரு பட்டாணி உப்புக்கொத்தி பத்தடிக்குள் வந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், கழுத்தில் கறுப்புப் பட்டை மங்கலாக. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும். நின்ற இடத்தில் ஒரு காலை முன்னே நீட்டிச் சேற்றின்மேல் வைத்து அதை மட்டும் கிடுகிடுவென்று நடுங்க வைக்கும். குளிரில் நடுங்குகிறதோ என்றுதான் முதலில் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். சேற்றுக்குள் இருக்கும் புழு அந்த அதிர்வில் அசையும். அசைந்த கணத்தில் உப்புக்கொத்தி கொத்திவிடும். அப்படி அது வேலை செய்த சேறு எவ்வளவு ஈரம் தெரியுமா? நான் விரலை வைத்துப் பார்த்தேன். நகம் மட்டும்தான் புதைந்தது. கொஞ்சம் காய்ந்தால் புழு கீழே போய்விடும், கொஞ்சம் நீர் ஏறினால் இந்தப் பறவைக்குக் கால் எட்டாது.

அதற்குப் பக்கத்திலேயே கொசு உள்ளான்கள் ஒரு கூட்டம், தையல் இயந்திரத்தின் ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடின. இருபது முப்பது கிராம் எடைதான் இருக்கும். சைபீரியாவின் வடகோடியில், மரம் முளைக்காத உறைநிலத்தில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து திருப்போரூர் வட்டாரத்துக்கு வந்திருக்கின்றன. ஏப்ரலுக்குள் திரும்பிப் போக வேண்டும். போவதற்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள அவற்றுக்கு நாம் கொடுக்கக்கூடியது இந்த ஒரு சாண் சேறுதான்.

வெயில் ஏறிய பின் மானாமதிப் பக்கம் போனேன். வழியில் சாலையோரத்துச் சிற்றேரி ஒன்றில் பாதி வற்றிய நீரில் நத்தைகுத்தி நாரைகள் இறங்கியிருந்தன. மேலலகும் கீழலகும் நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும் நாரை இது. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். ஒன்று முழங்காலளவு நீரில் அலகை விட்டுத் துழாவி ஒரு நத்தையைப் பிடித்தது. வெளியே எடுக்காமல் நீருக்குள்ளேயே வைத்து ஏதோ செய்தது. நிமிர்ந்தபோது அலகு நுனியில் சதை மட்டும் தொங்கியது, ஓட்டைக் காணோம். மதகருகே மடையான் ஒன்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. மடையருகே நிற்பதால்தான் அதற்கு மடையான் என்று பெயர் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மதகும் மடையும் இல்லாத ஏரியில் அந்தப் பெயருக்கு என்ன பொருள் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

பிற்பகலில் திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகும் சாலை, அப்புறம் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலை. இரண்டும் காயல் நீரைக் கடந்து போகின்றன. ஆயிரக்கணக்கான வண்டிகள் போகும் வழி, ஆனால் யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தி இறங்கினால் பழைய உப்பளப் பாத்திகளில் கருவால் மூக்கன்களைப் பார்க்கலாம். கரண்டிவாயன் அலகை இடமும் வலமுமாக வீசி நீரை அரித்துக்கொண்டே நடப்பதைப் பார்க்கலாம். சில ஆண்டுகளில் பூநாரைகளும் வந்து நிற்கும். தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் இடைப்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. ஏரியிலிருந்து ஏரிக்கு நீர் போகும் வழியிலேயே பறவையும் போகிறது. உங்கள் பேட்டை ஏரியில் காலையில் இரை எடுத்த நாரை மாலையில் இந்தக் காயலில் நிற்கலாம். ஓர் ஏரியை மட்டும் தனியாக எடுத்துத் திட்டம் போடுவதில் உள்ள சிக்கல் அதுதான்.

இருட்டுவதற்குச் சற்று முன் வீட்டுக்கு அருகில் உள்ள ஏரிக்கு வந்தேன். அதன் பெயரை எழுத விரும்பவில்லை. அதைச் சீரமைத்தவர்கள் நல்லெண்ணத்தோடு செய்தார்கள், அவர்களில் சிலர் என் நண்பர்கள். நான்கு பக்கமும் ஒரே ஆழத்துக்குப் பொக்லைன் இயந்திரம் வைத்து வெட்டியிருக்கிறார்கள். எடுத்த மண்ணைச் சுற்றிலும் கொட்டி உயர்த்தி, அதன்மேல் நடைபாதை. உள்சரிவு முழுவதும் கல் பதித்தது. பத்தடிக்கு ஒரு விளக்கு. நடுவில் செங்குத்தான ஓரங்களோடு ஒரு தீவு, அதில் மரக்கன்றுகள். தண்ணீர் நிறைய இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள், பெரியவர்கள் நடக்கிறார்கள். இவையெல்லாம் எனக்கும் பிடிக்கும்.

ஆனால் நான் அன்று எழுதிய பட்டியலில் அந்த ஏரிக்கு நீர்க்காகம், முக்குளிப்பான், ஒரு வெண்மார்பு மீன்கொத்தி, கம்பியில் இரண்டு மைனா. முன்பு இதே மாதத்தில் இதே ஏரியின் உள்வாயில் கோரை உள்ளானைப் பார்த்திருக்கிறேன். காலடியில் இருந்து சரேலென்று எழும்பி வளைந்து வளைந்து பறக்கும் பறவை அது. நீளவால் இலைக்கோழி அல்லி இலைமேல் நடப்பதை என் மகளுக்கு முதன்முதலில் காட்டியது அங்கேதான். அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. இப்போது அங்கே அல்லியும் இல்லை, இலைக்கோழிக்கு நிற்க இடமும் இல்லை. கல் பதித்த சரிவில் எந்த உள்ளானும் இரை தேட முடியாது. ஓரத்திலேயே ஆறடி ஆழம் என்றால் நாரை எங்கே நிற்கும்?

ஆழப்படுத்தாவிட்டால் தண்ணீர் எப்படிச் சேரும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019ஐப் பார்த்த எவரும் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு ஏக்கர் ஏரி என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ஆறடி தோண்டத் திட்டம். அதில் உள்வாய்ப் பக்கம் பத்து ஏக்கரைத் தொடாமல் விட்டால், மீதித் தொண்ணூறு ஏக்கரில் முக்கால் அடி கூடுதலாகத் தோண்டினாலே அந்த இழப்பு ஈடாகிவிடும். நிலத்தடி நீருக்கும் குறைவில்லை, வெள்ள நீரைத் தாங்கும் கொள்ளளவுக்கும் குறைவில்லை. பந்திக்குப் பத்து ஏக்கர் மிஞ்சும்.

கொசு வரும் என்பார்கள். கழிவுநீர் கலந்து தேங்கிய இடத்தில்தான் நம்மை இரவில் கடிக்கும் கொசு பெருகுகிறது. டெங்குக் கொசு பெருகுவது வீட்டுத் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் கைவிட்ட டயரிலும். மீனும் தலைப்பிரட்டையும் தும்பியின் புழுவும் இருக்கும் ஏரி விளிம்பைக் குற்றம் சொல்வது சரியல்ல. ஏரிக்குள் வந்து விழும் கழிவுநீர்க் குழாயை அடைத்துவிடுங்கள், அதற்கு நானும் உங்களோடு வந்து நிற்கிறேன்.

பாம்பு வரும் என்பார்கள். வரும்தான். உள்வாய்ப் பக்கம் நடைபாதை இல்லாவிட்டால் பாம்புக்கும் நமக்கும் வழக்கு இல்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நடைபாதையும் விளக்கும் கரைமேல் மட்டும் இருக்கட்டும், ஏரியைச் சுற்றி வளையம் போட வேண்டாம். உள்வாயின் இயல்பான சரிவை அப்படியே விடுங்கள். ஏற்கெனவே வெட்டிவிட்ட ஏரி என்றால், ஒரு பக்கத்திலாவது மண்ணைச் சாய்த்துப் போட்டு, மாடு இறங்கி நீர் குடிக்கும் அளவுக்குச் சரிவு செய்யுங்கள். மாடு இறங்க முடிந்தால் நாரையும் இறங்கும். தீவு அமைத்தால் தாழ்வாக, தட்டையாக, ஓரம் சரிந்ததாக அமையுங்கள். நடுவில் நீர்க்கடம்பு போன்ற மரம் சில இருந்தால் போதும். ஆகாயத்தாமரையை அள்ளும்போது கோரையையும் சம்பையும் சேர்த்து வழித்துவிடாதீர்கள். நீலத் தாழைக்கோழிக்கும் தூக்கணாங்குருவியின் உறவான கீற்றுத் தூக்கணாங்குருவிக்கும் அதுதான் வீடு.

மரக்கன்று நடுவது பற்றி ஒரு வார்த்தை. இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் மரம் நடுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் உள்வாயின் புல்தரை வெற்று நிலம் அல்ல. ஆள்காட்டிக் குருவி அங்கே வெறுந்தரையில்தான் முட்டையிடும். கூடு என்று ஒன்று கட்டாது, நாலு கூழாங்கல்லைப் போல நாலு முட்டை. கோடையில்தான் இது நடக்கும், உங்கள் இயந்திரங்கள் ஏரிக்குள் இறங்குவதும் கோடையில்தான். இயந்திரம் இறங்கும் முன் யாராவது ஒருவர் அந்தத் தரையை ஒரு முறை நடந்து பாருங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு, சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள். கன்றுகளைக் கரையின் வெளிச்சரிவிலும் தெருவோரத்திலும் நடுங்கள்.

திட்டம் வரைவதற்கு முன், வரைந்த பின் அல்ல, உங்கள் பகுதியில் பறவை பார்ப்பவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து நடந்து வருகிறது. உங்கள் ஏரியில் எந்தப் பறவை எந்த மாதம் எந்த மூலையில் நின்றது என்பதை எழுதி வைத்தவர் யாராவது ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பள்ளி மாணவராகவோ ஓய்வு பெற்றவராகவோ இருப்பார். கேட்டால் மகிழ்ச்சியோடு வருவார். எங்கள் தரப்பிலும் குறை இருக்கிறது. பட்டியலை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம், திட்டக் கூட்டத்துக்கு வருவதில்லை. வீட்டருகே உள்ள ஏரிக்காகக் கூட்டம் நடந்த நாளில் நான் வேறு ஏதோ ஏரியில் இருந்தேன். போயிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்த ஆண்டு இன்னும் சில வாரங்கள்தான் பாக்கி. மார்ச் நடுவில் வாத்துகள் குறையத் தொடங்கும், ஏப்ரலில் உள்ளான்களும் போய்விடும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களில் நாலைந்து பேராவது என்னோடு வாருங்கள். ஏரி வரைபடத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். காலை ஐந்தரை மணிக்கு மாம்பாக்கம் கூட்டுச்சாலைத் தேநீர்க் கடையருகே காத்திருக்கிறேன். சேற்றில் இறங்குவதற்குப் பழைய செருப்பு போதும். இருநோக்கி என்னிடம் இரண்டு இருக்கிறது. ஆடு மேய்க்கும் பெரியவரையும் அநேகமாகச் சந்திக்கலாம். எந்தக் கோடு வரை தோண்டலாம் என்று அவரையே கேட்போம்.

அன்புடன்,
தாம்பரத்தை அடுத்த ஓர் ஏரிக்கரையில் வசிக்கும் பறவை நோக்குநர்